ஃபாவ், இரண்டு முறை: ஈராக் ராணுவத்தை எடைபோடுவது எப்படி?

பஸ்ராவுக்குத் தெற்கே, ஷத்-அல்-அரப் ஆறு பாரசீக வளைகுடாவில் கலக்கும் இடத்தில், ஃபாவ் தீபகற்பம் நீண்டு கிடக்கிறது. ஆற்றங்கரையை ஒட்டிப் பேரீச்சந்தோப்புகள். அவற்றைத் தாண்டினால் உப்புப் பூத்த சேற்றுநிலம். 1986 பிப்ரவரி 10ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில், ஈரானியப் படையினர் ஆற்றைக் கடந்து வந்து இந்த நிலத்தைப் பிடித்தார்கள். ஈராக் ராணுவம் வாரக்கணக்கில் எதிர்த்தாக்குதல் நடத்தியும் அதை மீட்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் கழிந்து, 1988 ஏப்ரல் 17 அன்று விடியற்காலையில் தொடங்கி ஏறத்தாழ 35 மணி நேரத்துக்குள், அதே ராணுவம் அதே நிலத்தை முழுவதுமாக மீட்டது.

ஈரானுக்கும் ஈராக்குக்கும் இடையே 1980 செப்டம்பரிலிருந்து 1988 ஆகஸ்ட் வரை நடந்த போரில் ஈராக் ராணுவம் எப்படிச் செயல்பட்டது என்று கேட்டால், இந்த இரண்டு சம்பவங்களில் எதைக் கையில் எடுக்கிறோமோ அதற்கேற்ற தீர்ப்பு கிடைக்கும். முதலாவதை எடுத்தவர்கள் "எண்ணிக்கையும் ஆயுதமும் இருந்தும் உதவாத படை" என்றார்கள். இரண்டாவதை எடுத்தவர்கள் "போரில் புடம்போடப்பட்ட படை" என்றார்கள். இரண்டும் ஒரே ராணுவத்தைப் பற்றியவை என்பதுதான் சிக்கல். என் கணிப்பில், இந்த ராணுவத்தின் தரத்தைத் தீர்மானித்தது டாங்கிகளும் விமானங்களும் அல்ல. ஈராக் அதிபர் சதாம் உசேன் தன் தளபதிகளை எந்த அளவுக்குப் பயந்தார், ஈரானை எந்த அளவுக்குப் பயந்தார் என்ற இரண்டுக்கும் இடையிலான ஏற்ற இறக்கம்தான். அதைப் புரிந்துகொள்ளப் போரின் தொடக்கத்துக்குப் போக வேண்டும்.

1975இல் அல்ஜியர்ஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, ஷத்-அல்-அரப்பில் இரு நாட்டு எல்லை, கப்பல் ஓடும் ஆழமான தடத்தின் வழியே சென்றது. 1980 செப்டம்பர் 17 அன்று அந்த ஒப்பந்தம் செல்லாது என்று சதாம் அறிவித்தார். ஐந்து நாள்களில் போர் தொடங்கியது. ஈரானில் புரட்சி முடிந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆயிரக்கணக்கான அதிகாரிகள் களையெடுக்கப்பட்டிருந்தார்கள். அமெரிக்காவிடம் வாங்கிய விமானங்களுக்கு உதிரிபாகம் வருவது நின்றுபோயிருந்தது. எதிரி இத்தனை நலிந்து கிடக்கும் தருணம் இனி வாய்க்காது என்பது பாக்தாத்தின் கணக்கு.

ஆனால் ராணுவத்திடம் கேட்கப்பட்டது என்ன என்பதைப் பாருங்கள். செப்டம்பர் 22 அன்று ஈராக் விமானங்கள் தெஹ்ரானின் மெஹ்ராபாத் உட்படப் பல விமானதளங்களைத் தாக்கின. 1967இல் எகிப்திய விமானப்படையை இஸ்ரேல் தரையிலேயே அழித்ததுதான் முன்மாதிரி. ஈரானிய விமானங்களோ கான்கிரீட் காப்பறைகளுக்குள் பத்திரமாக இருந்தன. ஓடுபாதைகளில் விழுந்த பள்ளங்கள் விரைவிலேயே மூடப்பட்டன. மறுநாளே நூற்றுக்கும் மேற்பட்ட ஈரானிய விமானங்கள் ஈராக்குக்குள் வந்து குண்டு வீசின. தரையில், மிக நீண்ட எல்லையில் படை பல திசைகளில் பரப்பப்பட்டது. ஈரானின் தென்மேற்கு மாகாணமான கூஸெஸ்தானில் வாழும் அரபு மக்கள் எழுந்து வரவேற்பார்கள் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. ஒரு வாரம்கூட முடியாத நிலையில், பெரிய எதிர்ப்பு இல்லாத பகுதிகளிலும் முன்னேற்றம் மேலிருந்தே நிறுத்தப்பட்டது. சிறிது நிலத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஈரான் பேச்சுவார்த்தைக்கு வரும் என்று தலைவர் நினைத்தார். இந்த நிறுத்தத்தை ராணுவத்தின் தோல்விக் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

ராணுவத்தின் கணக்கில் எழுத வேண்டியது குர்ரம்ஷஹர். ஆற்றின் மறுகரையில் இருந்த அந்தத் துறைமுக நகருக்குள் ஈராக்கியர்கள் முதலில் டாங்கிகளைக் காலாட்படைத் துணையின்றி அனுப்பினார்கள். குறுகிய தெருக்களில், கூரைகளிலிருந்தும் சுவர் மறைவிலிருந்தும் ஈரானின் புரட்சிக் காவல்படையினரும் கடற்படை வீரர்களும் நகரத்து இளைஞர்களும் அவற்றை ஒவ்வொன்றாகத் தாக்கினார்கள். பிறகு பின்வாங்கி, நகரச் சண்டைக்குச் சிறப்புப் படைகளைக் கொண்டுவந்து, ஒரு மாதத்துக்கு மேல் போராடிய பின்னரே அக்டோபர் 24 அளவில் நகரம் கைக்கு வந்தது. ஈரானியர்கள் அதைக் கூனின்ஷஹர், குருதி நகரம், என்று அழைக்கத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்த அபாதானைச் சுற்றி வளைத்தும் பிடிக்கவே முடியவில்லை. காலாட்படை, டாங்கி, பீரங்கி, விமானம் என்ற நான்கும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் பழக்கம் இந்தப் படைக்கு இல்லை என்பது இங்கே வெளிப்பட்டது. பீரங்கிப் படை முன்கூட்டியே குறித்துவைத்த இடத்தில் மழையாகப் பொழியும். களம் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரத் தெரியாது. இந்தக் குறை போரின் கடைசி நாள்வரை முழுதாக நீங்கவில்லை.

1981 செப்டம்பரில் அபாதான் முற்றுகையை ஈரான் உடைத்தது. 1982 மார்ச்சில் நடந்த பெரிய தாக்குதலும், ஏப்ரல் இறுதியில் தொடங்கிய அடுத்த தாக்குதலும் ஈராக் படைவரிசையைப் பக்கவாட்டில் கிழித்தன. மே 24 அன்று குர்ரம்ஷஹர் மீட்கப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஈராக்கியர்கள் அங்கே சரணடைந்தார்கள். இந்தச் சரிவில் படைவீரர்களின் துணிவைக் குறைசொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: ஆபத்தான நிலையில் இருந்த படைப்பிரிவுகள் பின்வாங்க அனுமதி கேட்டபோது அனுமதி பாக்தாத்திலிருந்து வர வேண்டியிருந்தது, அது வரவில்லை, அல்லது வளையம் மூடிய பிறகு வந்தது. தானாக முடிவெடுத்துப் பின்வாங்கிய அதிகாரிக்கு என்ன நேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தோல்விக்குப் பின் அதிகாரிகள் சிலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ராணுவப் பணியே செய்திராத சதாம் பீல்டு மார்ஷல் பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டு, ஒவ்வொரு படைப்பிரிவின் நகர்வையும் தானே தீர்மானித்த காலம் அது. கெட்ட செய்தியை மேலே சொல்பவன் தலை தப்பாது என்ற நிலையில், மேலே போனவை நல்ல செய்திகள் மட்டுமே.

1982 ஜூனில் ஈராக் தன் படைகளைப் பெரும்பாலும் எல்லைக்குள் திருப்பி அழைத்தது. ஜூலையில் ஈரான் எல்லை கடந்து பஸ்ராவை நோக்கி வந்தது. இந்த இடத்தில்தான் ஈராக் ராணுவத்துக்கு முதல்முறையாக அதன் இயல்புக்குப் பொருந்திய வேலை கிடைத்தது. பொறியாளர்கள் மண்ணை அள்ளிக் குவித்துக் கிலோமீட்டர் கணக்கில் கரை எழுப்பினார்கள். பஸ்ராவுக்குக் கிழக்கே இருந்த மீன் ஏரி என்ற நீர்ப்பரப்பைப் பெருக்கி, அதைத் தடையாக மாற்றினார்கள். கரைக்குப் பின்னே கரை, நடுவே கண்ணிவெடி, முள்கம்பி, முன்கூட்டியே குறிவைத்த பீரங்கிகள். இவற்றின் பின்னே சாலைகள். டாங்கிகளை ஏற்றிச் செல்லும் கனரக டிரெய்லர்களைப் பெரும் எண்ணிக்கையில் வாங்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கவசப்படைப் பிரிவுகளை விரைவாக நகர்த்தினார்கள். சரக்கு, எரிபொருள், வெடிமருந்து முனைக்குப் போய்ச் சேர்வதில் ஈராக் ராணுவம் எட்டு ஆண்டுகளும் பெரிதாகச் சறுக்கவில்லை. ராணுவத்தை மதிப்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். வீரக்கதைக்கு உதவாத துறை இது. ஆனால் பஸ்ரா விழாமல் இருந்ததற்கு இதுதான் முதற்காரணம் என்பேன்.

இரண்டாவது காரணத்தைச் சொல்லாமல் விடுவது மோசடியாகும். 1983 முதல் ஈராக் கடுகு வாயுவைப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கியது. 1984இல் தபுன் என்ற நரம்பு நஞ்சைப் போர்க்களத்தில் இறக்கியது. நரம்பு நஞ்சு போரில் பயன்பட்டது உலகில் அதுவே முதல்முறை. அந்த ஆண்டு மார்ச்சில் ஐ.நா. அனுப்பிய நிபுணர் குழு கடுகு வாயு, தபுன் இரண்டையும் உறுதிசெய்தது. ஈரானியக் காயக்காரர்கள் கொப்புளம் வெடித்த தோலுடன் ஐரோப்பிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். உலகம் அறிந்திருந்தது, தடுக்கவில்லை. ஒரு ராணுவத்தின் "திறமை"யைக் கணக்கிடும்போது இதை எந்தப் பத்தியில் எழுதுவது? தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்பதால் ஒதுக்கிவைத்தால், 1984இல் ஈரானின் சதுப்புநிலத் தாக்குதல்கள் எப்படி நின்றன என்பது விளங்காது. மற்ற ஆயுதங்களோடு சேர்த்தால், குற்றத்தைத் திறமையாக எண்ணியவர்கள் ஆவோம். நான் இதை ராணுவத்தின் வலிமையாக அல்ல, அதன் வலிமைக் குறைவை மறைத்த திரையாகவே எடுத்துக்கொள்கிறேன்: தன்னந்தனியாக நிறுத்த முடியாத தாக்குதலை நிறுத்துவதற்கே அது தேவைப்பட்டது.

இப்போது ஃபாவ். 1986 பிப்ரவரியில் ஈரான் வடக்கே திசைதிருப்பும் தாக்குதல்களை நடத்தியது. ஈராக் தலைமை முக்கியத் தாக்குதல் அங்கேதான் என்று நம்பியது. தெற்கே, அந்த அகன்ற, வேகமான ஆற்றை யாரும் பெரும்படையுடன் கடக்க மாட்டார்கள் என்ற துணிவில், ஃபாவைக் காக்க நிறுத்தப்பட்டவை இரண்டாந்தரப் படைகள். அந்த இரவில் முக்குளிப்பு உடை அணிந்த ஈரானியர்கள் கடலின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு நீந்தி வந்து, மறுகரைத் தடைகளை அறுத்து வழிசெய்தார்கள். பின்னால் படகுகளில் புரட்சிக் காவல்படையினர் வந்தார்கள். தோப்புக்குள் இருந்த காவல்நிலைகள் விழித்தபோது எதிரி பதுங்குகுழிக்குள் இருந்தான். அடுத்தடுத்த நாள்களில் ஃபாவ் நகரமே போனது.

இதுவரை நடந்தது எந்த ராணுவத்துக்கும் நேரக்கூடிய அதிர்ச்சி. தரம் தெரிவது அடுத்த கட்டத்தில். முதல் சில நாள்கள் இது வெறும் திசைதிருப்பல் என்றே தலைமை சொல்லிக்கொண்டிருந்தது. உண்மை புரிந்த பிறகு, மாஹிர் அப்துல் ரஷீத் உள்ளிட்ட தளபதிகளின் கீழ் மூன்று பாதைகளில் எதிர்த்தாக்குதல் அனுப்பப்பட்டது. உப்புச் சேற்றில் சாலையை விட்டு இறங்கிய டாங்கி அப்படியே அமிழ்ந்தது. ஆகவே எல்லாம் மேடான சாலைகளில் வரிசையாகப் போயின. முதல் வண்டி அடிபட்டால் பின்னால் வந்தவை அத்தனையும் நின்றன. பீரங்கிகள் ஓயாமல் சுட்டன, விமானங்கள் நூற்றுக்கணக்கான முறை பறந்தன, நச்சுவாயு வீசப்பட்டது. மழையும் தாழ்ந்த மேகமும் விமானங்களுக்குப் பார்வை தரவில்லை. அதிபரைக் காக்கும் ஈராக்கின் குடியரசுக் காவல்படை கொண்டுவரப்பட்டு அதுவும் கடும் இழப்பைக் கண்டது. மார்ச்சில் முயற்சி ஓய்ந்தது. ஈரானியர்கள் ஆற்றின் குறுக்கே எஃகுக் குழாய்களைப் போட்டு நிலையான பாலமே கட்டிவிட்டார்கள். இதை ஈடுகட்ட மே மாதம் ஈராக் ஈரானின் மெஹ்ரான் நகரைப் பிடித்தது. ஜூலையில் அதையும் இழந்தது.

திருப்பம் இங்கேதான். ஃபாவும் மெஹ்ரானும் சேர்ந்து ஓர் உண்மையைச் சதாமுக்கு உணர்த்தின: பஸ்ரா போனால் ஆட்சியும் போகும். தளபதிகள் சதி செய்வார்களோ என்ற பயத்தைவிட ஈரான் வந்துவிடுமோ என்ற பயம் மேலோங்கியது. 1986 நடுவில் ஈராக்கை ஆண்ட பாத் கட்சியின் சிறப்பு மாநாடு கூட்டப்பட்டது. குடியரசுக் காவல்படையைப் பெருக்கும் முடிவு அதையொட்டி வந்தது. போர் தொடங்கியபோது அதிபரைக் காக்கும் ஒரு பிரிகேட் (சில ஆயிரம் வீரர்கள்) அளவில் இருந்த படை, கல்லூரி மாணவர்களைச் சேர்த்தும், மற்ற பிரிவுகளிலிருந்து தேர்ந்த அதிகாரிகளை எடுத்தும், 1988க்குள் இருபதுக்கும் மேற்பட்ட பிரிகேடுகளாக வளர்ந்தது. தலைநகரைவிட்டு நகராத காவலாளி, தாக்குதல் படையாக மாறினான். அதோடு, களத்தில் முடிவெடுக்கும் உரிமை ஓரளவுக்குத் தளபதிகளிடம் திரும்பியது. பாதுகாப்பு அமைச்சர் அத்னான் கைருல்லா, சதாமின் தாய்மாமன் மகனும் மைத்துனருமாக இருந்ததால், தளபதிகளுக்கும் தலைவருக்கும் இடையே பேச முடிந்த ஓர் ஆளாக இருந்தார். 1987 ஜனவரியில் பஸ்ராவின் வாசல்வரை வந்த ஈரானின் மிகப்பெரிய தாக்குதலை ஈராக் பெரும் இழப்புடன் தடுத்துவிட்டது. ஈரானின் தன்னார்வலர் படை அந்தக் குருதி இழப்பிலிருந்து மீளவில்லை.

1988 ஏப்ரல் தாக்குதலுக்கு ஈராக்கியர்கள் தயாரான விதம் தனியே சொல்லத்தக்கது. ஃபாவின் நிலஅமைப்பைப் போலவே பின்னால் ஒரு களம் அமைத்தார்கள். கரை, கால்வாய், பதுங்குகுழி எல்லாம் அச்சு அசலாக. ஒவ்வொரு பிரிவும் தான் கடக்க வேண்டிய இடத்தைத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தது. எந்த மணிக்கு எந்தப் பீரங்கி எங்கே சுடும், எந்தப் பிரிகேட் எந்தக் கரையை அடையும் என்பது எழுத்தில் இருந்தது. வடக்கே, ஈராக்கின் குர்து நகரான ஹலப்ஜா பக்கம் ஈரான் படைகளை நகர்த்தியிருந்தது. ஈராக்கின் கவனமும் அங்கேதான் என்ற தோற்றம் காட்டப்பட்டது. ரமலான் மாதத் தொடக்கத்தில், ஃபாவில் இருந்த ஈரானியப் படைகள் குறைந்திருந்த நேரம் பார்த்து, ஆற்றங்கரைப் பாதையில் ஏழாவது கார்ப்ஸும் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) மறுபக்கம் குடியரசுக் காவல்படையும் ஒரே நேரத்தில் இறங்கின. கடற்கரையிலும் படை இறக்கப்பட்டது. பல நாள்களுக்குத் திட்டமிட்ட வேலை இரண்டாம் நாளே முடிந்தது. மே 25 அன்று ஷலம்சே, ஜூன் 25 அன்று மஜ்னூன் தீவுகள் என்று அடுத்தடுத்த வெற்றிகளும் ஒரே அச்சில் வார்த்தவை. ஜூலையில் போர்நிறுத்தம் கோரிய ஐ.நா.வின் 598ஆம் தீர்மானத்தை ஈரான் ஏற்றது. ஆகஸ்ட் 20 அன்று துப்பாக்கிகள் ஓய்ந்தன.

இந்த வெற்றியில் எவ்வளவு கழிக்க வேண்டும்? எண்ணிக்கையில் ஈராக் பலமடங்கு மிகுந்திருந்தது. நரம்பு நஞ்சு தாராளமாகப் பயன்பட்டது. ஹலப்ஜாவில் ஆயிரக்கணக்கான குர்து மக்கள் அதே வகை நஞ்சுகளால் மடிந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்க உளவுத்துறையின் செயற்கைக்கோள் தகவல்கள் பாக்தாத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. பிப்ரவரி இறுதியிலிருந்து தெஹ்ரான்மீது ஏவுகணைகள் விழுந்ததில் மக்கள் நகரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். எதிரியோ எட்டாம் ஆண்டின் களைப்பில் இருந்தான். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஏதோ மிஞ்சுகிறது என்பதை மறுக்க மாட்டேன்: 1980இல் ஒரு தெருவுக்குள் டாங்கியையும் காலாட்படையையும் சேர்த்து அனுப்பத் தெரியாத ராணுவம், 1988இல் இரண்டு கார்ப்ஸ் அளவிலான தாக்குதலைக் கடிகாரம் பார்த்து நடத்தியது.

மிஞ்சியது என்ன வகைத் திறமை என்பதுதான் கேள்வி. பாடம் புரியாமலே நோட்ஸை ஓர் எழுத்து பிசகாமல் மனப்பாடம் செய்து நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவனை நாம் எல்லோரும் வகுப்பில் பார்த்திருக்கிறோம். அவன் உழைப்பு பொய்யல்ல, மதிப்பெண்ணும் பொய்யல்ல. வினாத்தாளைத் தானே தயாரித்துக்கொள்ள முடிந்தவரை அவனுக்கு ஆபத்தும் இல்லை. 1988இல் எங்கே, எப்போது, எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் ஈராக்கே தீர்மானித்தது. தாக்கிய இடங்களில் பெரும்பாலானவை எல்லையை ஒட்டிய, ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த நிலங்கள். எதிர்பாராத நிலைமையில் இளநிலை அதிகாரி சொந்தமாக முடிவெடுத்துச் சமாளித்தார் என்று காட்டும் சம்பவங்கள் அபூர்வம். அப்படிச் செய்ய அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. செய்தவருக்குப் பரிசும் கிடைத்ததில்லை.

போர் முடிந்ததும் பழைய பயம் திரும்பியது. ஃபாவை மீட்ட மாஹிர் அப்துல் ரஷீதின் மகளை மணந்தவர் சதாமின் மகன் குசை. அந்த உறவும் அவர் ஓரங்கட்டப்படுவதைத் தடுக்கவில்லை. அத்னான் கைருல்லா 1989 மே மாதம் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். 1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்துக்குள் ஈராக் நுழைந்தபோது, வெளிநாட்டுச் செய்தித்தாள்கள் "உலகின் நான்காவது பெரிய ராணுவம்", "எட்டு ஆண்டு அனுபவம் பெற்ற படை" என்று எழுதின. அவர்கள் 1988இன் ஃபாவைப் பார்த்தார்கள். அதே ஆகஸ்டின் நடுவில், ஈரான் எல்லையிலிருந்து படைகளை விடுவித்துக்கொள்ள, 1975 அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தைத் தான் மீண்டும் ஏற்பதாகச் சதாம் ஈரானுக்கு எழுதினார். எந்த எல்லைக்கோட்டை மாற்றப் போர் தொடங்கியதோ அந்தக் கோடு ஆற்றின் நடுவில் இருந்த இடத்திலேயே இருந்தது. போரின் நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டால் ராணுவத்தின் அத்தனை வெற்றிகளுக்கும் கிடைத்த மொத்தம் இதுதான். ஆனால் அந்தப் பூஜ்யத்தை ராணுவத்தின் பெயரில் எழுதலாமா, அனுப்பியவரின் பெயரில் எழுதலாமா என்பதில் நான் இரண்டாவது பக்கம்.

குவைத்தை மீட்க அமெரிக்கா தலைமையில் நடந்த போரில், 1991 பிப்ரவரி 26 அன்று, ஈராக்கின் தெற்குப் பாலைவனத்தில், குடியரசுக் காவல்படையின் தவக்கல்னா டிவிஷன் மேற்கு நோக்கித் திரும்பி அமெரிக்கக் கவசப்படையை மறித்து நின்றது. 1988 தாக்குதல் வரிசைக்குச் சூட்டப்பட்ட பெயரும் அதுவே. மற்ற பல பிரிவுகள் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், பின்வாங்கும் படைகளுக்கு அரணாக நிற்க வேண்டிய இடத்தைச் சரியாகவே தேர்ந்தெடுத்து, ஓடாமல் நின்று சண்டையிட்டது. எதிரே நின்ற அமெரிக்க வீரர்களே பின்னாளில் அதை ஒப்புக்கொண்டார்கள். மணற்புயல் வீசிக்கொண்டிருந்தது. அமெரிக்க டாங்கிகளின் வெப்பப் பார்வைக் கருவிகளுக்குப் புயல் தடையாகவில்லை. தாங்கள் காணாத தூரத்திலிருந்து வந்த குண்டுகளில் வண்டிகள் எரிய, ஈராக்கியப் பீரங்கிக்காரர்கள் எதிரே பளிச்சிட்ட தீப்பொறியைக் குறிவைத்துத் திருப்பிச் சுட்டார்கள். எதிரி அதற்குள் அந்த இடத்தைவிட்டு நகர்ந்திருந்தான்.